காரின் கூலிங் சிஸ்டத்தில் ஏர் லாக் வராமல் பார்த்துக்கொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ் ஆகியவற்றில் எதை மாற்றினாலும், கூலன்ட்டை மட்டும் மாற்றினாலும், வேலையின் கடைசிக் கட்டம் ஒன்றுதான்: உள்ளே புகுந்த காற்றை முழுவதுமாக வெளியேற்றுவது. இந்தக் கட்டத்தை அவசரமாக முடித்ததால் நல்ல எஞ்சின்கள் பாழாவதுண்டு. தங்கள் காரில் இந்த வேலையைத் தாங்களே செய்பவர்களும், பட்டறையில் செய்யும்போது அருகில் நின்று கவனிப்பவர்களும் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே உள்ளன.

ஏர் லாக் என்றால் என்ன நடக்கிறது?

கூலன்ட் சுற்றிவர வேண்டிய பாதையில், மேலே எழும்பி மீண்டும் கீழே இறங்கும் வளைவு எங்காவது இருக்கும். காற்று அந்த வளைவின் உச்சியில் போய்த் தங்கி, வெளியேற வழியில்லாமல் நின்றுவிட்டால் அதுவே ஏர் லாக். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் காற்றைத் தள்ளிவிடாதா என்று தோன்றலாம். காரின் வாட்டர் பம்ப் மையவிலக்கு வகையைச் சேர்ந்தது; அதன் இறக்கைகள் திரவத்தைச் சுழற்றி வெளிப்புறமாக வீசுவதால்தான் அழுத்தம் உண்டாகிறது. திரவத்துக்குப் பதிலாகக் காற்று பம்புக்குள் வந்துவிட்டால் வீசுவதற்கு அங்கே எடையுள்ள பொருள் எதுவும் இருக்காது. இறக்கை சுழலும், ஆனால் ஓட்டம் நடக்காது. பாதையின் வேறிடத்தில் காற்று நின்றாலும், பம்பின் அழுத்தம் குறைவாக இருக்கும் ஐட்லிங் வேகத்தில் அதைத் தாண்டிக் கூலன்ட்டை ஏற்ற முடியாமல் போகலாம்.

சிறிதளவு காற்று இருந்தால் அவ்வளவு பெரிய கேடா?

அந்தக் காற்று எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. எக்ஸ்பான்ஷன் டேங்கின் மேற்பகுதியில் காற்று இருக்கத்தான் வேண்டும். சூட்டில் விரியும் கூலன்ட்டுக்கு அதுவே இடம் கொடுக்கிறது. ஹீட்டர் கோரில், அதாவது கேபினைச் சூடாக்க டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் சிறு ரேடியேட்டரில் நின்றால் கேபினுக்குள் வெப்பம் வராது, அதற்குமேல் உடனடிக் கேடில்லை. எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்குள் நின்றால் கதை வேறு. எரிப்பறையை ஒட்டிய உலோகச் சுவரில் கூலன்ட் படாத இடம் மட்டும் மிக வேகமாகச் சூடேறும், அதைச் சுற்றியுள்ள கூலன்ட் கொதித்து ஆவியாகும், அந்த ஆவி காற்றுப் பையை மேலும் பெரிதாக்கும். அலுமினிய ஹெட் வளைந்துபோவதும், வால்வுகளுக்கு இடையில் விரிசல் விடுவதும், ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட் எரிந்துபோவதும் இப்படித் தொடங்குபவையே.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வெப்பமானிச் சென்சாரின் முனை கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் அது சரியான அளவைச் சொல்லும். சென்சாரைச் சுற்றிக் காற்று நின்றால், உலோகம் கொதித்துக்கொண்டிருக்கும்போதே டேஷ்போர்டு முள் நிதானமாக நடுவில் நிற்கும். ரேடியேட்டர் ஃபேனை இயக்கும் சுவிட்ச் காற்றில் மாட்டிக்கொண்டால் ஃபேனும் சுற்றாது. எனவே காற்று எடுக்கும் வேலையின்போது முள்ளை மட்டும் நம்பி நிற்பது சரியல்ல.

எந்த அறிகுறிகளைக் கொண்டு ஏர் லாக்கைக் கண்டுபிடிப்பது?

டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடை ஓடுவதுபோல் சலசலக்கும் சத்தம், குறிப்பாக ஸ்டார்ட் செய்தவுடனும் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் கேட்டால், ஹீட்டர் கோரில் காற்று இருக்கிறது. எஞ்சின் சூடான பிறகும் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வருவது, அல்லது வேகமாக ஓட்டும்போது வெப்பமும் ஐட்லிங்கில் குளிர்ச்சியுமாக மாறி மாறி வருவது அடுத்த அறிகுறி. வெப்பமானி முள் திடீரென ஏறித் திடீரென இறங்குவது, காற்றுக் குமிழிகள் சென்சாரைக் கடந்துபோவதைக் காட்டுகிறது. எஞ்சின் கொதிக்கும் நிலையில் இருந்தும் ரேடியேட்டரின் ஒரு பகுதியோ, அதற்குச் செல்லும் ஹோஸோ தொட்டால் குளிர்ந்திருப்பது இன்னொரு அறிகுறி.

வேலை தொடங்குவதற்கு முன் காரைப் பற்றி எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

உங்கள் காரில் இருப்பது எந்த வகை அமைப்பு என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஊற்றும் முறையும் காற்று வெளியேறும் வழியும் அதற்கேற்ப மாறுகின்றன.

முதல் வகையில், அழுத்த மூடி ரேடியேட்டரின் தலையிலேயே இருக்கும். பக்கத்தில் அழுத்தமில்லாத ரிசர்வ் டப்பா ஒன்று மெல்லிய ரப்பர் குழாயால் இணைக்கப்பட்டிருக்கும். சூடாகும்போது மூடியின் வால்வு திறந்து கூலன்ட் டப்பாவுக்குப் போகும். ஆறும்போது மூடியிலுள்ள சிறிய வேக்யூம் வால்வு வழியாகத் திரும்ப உறிஞ்சப்படும். இந்த வகையில் கூலன்ட்டை ரேடியேட்டர் வாயில்தான் ஊற்ற வேண்டும். டப்பாவில் மட்டும் ஊற்றினால், டப்பா நிறைந்திருக்க ரேடியேட்டர் காலியாகவே கிடக்கும். அந்தத் தவறைச் செய்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

இரண்டாவது வகையில் ரேடியேட்டருக்கு மூடியே கிடையாது. மேலே, எஞ்சினுக்குச் சமமான அல்லது அதைவிட உயரமான இடத்தில், அழுத்தம் தாங்கும் எக்ஸ்பான்ஷன் டேங்க் இருக்கும். ரேடியேட்டரின் உச்சியிலிருந்தும் பல கார்களில் சிலிண்டர் ஹெட்டிலிருந்தும் விரல் தடிமன்கூட இல்லாத சிறு குழாய்கள் அந்த டேங்குக்கு வரும். எஞ்சின் ஓடும்போது காற்று இக்குழாய்கள் வழியாகத் தானாகவே டேங்குக்கு வந்து பிரிந்துவிடும். இக்குழாய்களோ, அவை டேங்கில் சேரும் நுனிகளோ அழுக்கால் அடைபட்டிருந்தால், எத்தனை மணி நேரம் ஓடவிட்டாலும் காற்று போகாது. ஆகவே, பிரித்த கையோடு அவற்றில் ஊதிப் பார்த்துவிடுவது நல்லது.

கூலன்ட்டை வடிக்கும்போதே செய்யக்கூடிய முன்னேற்பாடு ஏதாவது உண்டா?

உண்டு, அதுவும் பலன் மிகுந்தது. எஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகு, வடியும் கூலன்ட்டை அளவு குறித்த பாத்திரத்தில் பிடித்து, எத்தனை லிட்டர் வந்தது என்று எழுதிவையுங்கள். தொடங்கும்போது அமைப்பு சரியான மட்டத்தில் இருந்திருந்தால், திரும்ப ஊற்றும்போதும் ஏறத்தாழ அதே அளவு உள்ளே போக வேண்டும். ஆறு லிட்டர் வடித்துவிட்டு நான்கரை லிட்டரிலேயே நிறைந்துவிட்டதாகத் தெரிந்தால், மீதி ஒன்றரை லிட்டர் இடத்தில் காற்று இருக்கிறது. இதைவிட எளிய சோதனை இல்லை.

செய்ய வேண்டிய வேலை சிறியதென்றால், முழுவதும் வடிக்காமலேயே முடிக்க முடியுமா என்றும் பாருங்கள். ஹீட்டர் ஹோஸ் ஒன்றை மட்டும் மாற்றுவதற்கு, அதன் இரு பக்கங்களையும் வழவழப்பான தாடை கொண்ட ஹோஸ் கிளாம்பால் நெருக்கிவிட்டால் சில நூறு மில்லி மட்டுமே இழப்பாகும். நாள்பட்டு இறுகிப்போன ஹோஸை மட்டும் அப்படி நெருக்க வேண்டாம்; உள்ளே விரிசல் விட்டுவிடும்.

எதிலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட் நச்சுத்தன்மை உடையது, சுவையோ இனிப்பு. வடித்த பாத்திரத்தைக் குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் அணுகும் இடத்தில் திறந்துவைக்கக் கூடாது.

தெர்மோஸ்டாட்டைப் பொருத்தும் திசைக்கும் ஏர் லாக்குக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. தெர்மோஸ்டாட் என்பது கூலன்ட் சூடேறினால் மட்டும் திறக்கும் வால்வு. அது மூடியிருக்கும்வரை எஞ்சின் பிளாக்குக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே அது ஒரு சுவர். ஒரு பக்கம் ஊற்றும் கூலன்ட் மறுபக்கம் போக வேண்டுமானால், மறுபக்கத்துக் காற்று வெளியே வர ஒரு துளையாவது வேண்டும். அதற்காகவே பல தெர்மோஸ்டாட்டுகளின் விளிம்பில் சிறு துளையும், அதில் தளர்வாக ஆடும் ஒரு பின்னும் வைக்கிறார்கள். கூலன்ட் நிரப்பும்போது பின் தொங்கிக் காற்றுக்கு வழிவிடும். பம்ப் ஓடத் தொடங்கியதும் ஓட்டத்தின் விசையால் துளையை அடைத்துக்கொள்ளும். தெர்மோஸ்டாட் செங்குத்தாக நிற்கும் எஞ்சின்களில் இந்தப் பின் கடிகாரத்தின் பன்னிரண்டு மணி நிலையில், அதாவது உச்சியில் இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. கீழே இருக்குமாறு பொருத்திவிட்டால் காற்று மேலே சிக்கிக்கொள்ளும், பின்னுக்குப் பயனிருக்காது. சில எஞ்சின்களுக்குச் சேவைக் கையேடு வேறு கோணத்தைச் சொல்லும். அங்கே கையேட்டைப் பின்பற்றுங்கள்.

துளையே இல்லாத தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் துளை போட்டுக்கொள்வோர் உண்டு. காற்று எளிதாக வெளியேறும் என்பது உண்மைதான், ஆனால் எஞ்சின் சூடேறச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும். குளிர்ப்பகுதிகளில் ஓடும் காருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கூலன்ட்டை எப்படி ஊற்றினால் காற்று சிக்காது?

மெதுவாக. ஏர் லாக்கைத் தடுப்பதில் பாதிக்குமேல் இந்தக் கட்டத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. எஞ்சினை ஸ்டார்ட் செய்த பிறகு நாம் செய்வதெல்லாம் மிச்சத்தை எடுப்பதுதான். ஒரே வாய் வழியாகக் கூலன்ட் கீழே போகவும் காற்று மேலே வரவும் வேண்டியிருப்பதால், கவிழ்த்துக் கொட்டினால் இரண்டும் ஒன்றையொன்று தடுத்துக்கொள்ளும். மெல்லிய தாரையாக ஊற்றி, வாயில் குமிழி வருவதைப் பார்த்து, அது நின்றபின் மீண்டும் ஊற்ற வேண்டும். இடையிடையே மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் கையால் அழுத்தி விடுங்கள். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் வாயில் குபுக்கென்று ஒரு குமிழி வரும், மட்டம் ஒரு விரலளவு கீழிறங்கும். எத்தனை முறை அழுத்தினாலும் மட்டம் இறங்காத நிலை வரும்வரை இதைத் தொடருங்கள்.

தெர்மோஸ்டாட் எஞ்சினின் வெளியேறும் பக்கத்தில், அதாவது மேல் ஹோஸ் இணையும் இடத்தில் இருந்தால், பிளாக்கைத் தனியாக நிரப்பிவிடும் வழி ஒன்று உண்டு. ஹீட்டருக்குச் செல்லும் ஹோஸை எஞ்சின் பக்கத்தில் கழற்றி, ஹோஸின் முனையைக் கழற்றிய இடத்தைவிட உயரமாகப் பிடித்து, ஒரு சிறு புனலைச் செருகி ஊற்றுங்கள். கூலன்ட் ஹீட்டர் கோர் வழியாகச் சென்று பிளாக்கை நிரப்பும். எஞ்சினில் ஹோஸைக் கழற்றிய இடத்தில் கூலன்ட் எட்டிப் பார்த்ததும் ஹோஸை விரைந்து மாட்டிக் கிளாம்பை முறுக்கிவிட வேண்டும். கையிலும் தரையிலும் கொஞ்சம் சிந்தும். பின்னால் ஹீட்டர் கோரில் காற்றுத் தேடி மல்லுக்கட்டுவதோடு ஒப்பிட்டால் இது பெரிய தொல்லையல்ல.

ரேடியேட்டர் வாயில் இறுகப் பொருந்தும், சிந்தாத புனல் கிடைத்தால் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். விலை அதிகமில்லை. புனலில் எப்போதும் நான்கு விரல் உயரத்துக்குக் கூலன்ட் நிற்பதால், அந்த வாய் அமைப்பிலேயே மிக உயரமான இடமாகிவிடுகிறது. மேலேறும் காற்று அங்கேதான் வந்தாக வேண்டும், அது விட்டுப்போன இடத்தைக் கூலன்ட் உடனே நிரப்பிவிடும்.

பிளீட் ஸ்க்ரூ எங்கே இருக்கும்? எப்படிப் பயன்படுத்துவது?

பிளீட் ஸ்க்ரூ என்பது சிக்கிய காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகு. தெர்மோஸ்டாட் கூட்டின் மேல், மேல் ஹோஸின் நடுவில், ரேடியேட்டரின் ஒரு மூலையில், ஹீட்டர் ஹோஸின் உச்சியில் என இவற்றில் ஒன்றிலோ பலவற்றிலோ இருக்கலாம். எல்லாக் கார்களிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஊற்றத் தொடங்கும்முன் எல்லா ஸ்க்ரூக்களையும் தளர்த்திவிட்டு, தாழ்வான இடத்தில் இருப்பதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வாருங்கள். முதலில் வெறும் காற்று சீறும். பின்பு நுரையும் கூலன்ட்டுமாகத் துப்பும். கடைசியில் குமிழியே இல்லாத தாரையாக வழியும். தாரை அறுபடாமல் சில நொடிகள் வழிந்த பிறகே மூட வேண்டும். நுரையோடு மூடிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் அவசரம்.

ஸ்க்ரூ பிளாஸ்டிக்காக இருந்தால் விரல் பலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தலை உடைந்துபோனால் முழு ஹோஸையோ கூட்டையோ மாற்ற நேரிடும்.

எஞ்சினை ஓடவிட்டுக் காற்று எடுக்கும்போது என்ன வரிசையில் செய்ய வேண்டும்?

மூடியைத் திறந்துவைத்து, புனலில் கூலன்ட் நிற்க, ஹீட்டரை உச்ச வெப்பத்திலும் அதன் ஃபேனைக் குறைந்த வேகத்திலும் வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஏசி வேண்டாம். முதல் சில நிமிடங்களுக்குப் புனலில் தாறுமாறாகக் குமிழிகள் வரும், மட்டம் ஏறி இறங்கும். பிறகு ஓர் அமைதி. இந்த அமைதியைப் பார்த்து வேலை முடிந்தது என்று மூடியைப் போட்டுவிடுபவர்கள் பலர். தெர்மோஸ்டாட் இன்னும் திறக்கவே இல்லை என்பதுதான் அதன் பொருள்.

பெரும்பாலான தெர்மோஸ்டாட்டுகள் 82 முதல் 95 டிகிரி செல்சியஸுக்குள் திறக்கத் தொடங்கும். அந்த நேரம் நெருங்கும்போது ரேடியேட்டருக்குச் செல்லும் ஹோஸின்மேல் கையை வையுங்கள், ஃபேனிலும் பெல்ட்டிலும் படாத கவனத்தோடு. தெர்மோஸ்டாட் மேல் ஹோஸ் பக்கம் இருந்தால், அதுவரை வெதுவெதுப்பாக இருந்த ஹோஸ் சில நொடிகளில் கை வைக்க முடியாத சூட்டுக்கு வரும். அதே வேளையில் புனலின் மட்டம் சட்டென்று இறங்கி, பெரிய குமிழிகள் சில வெளியேறும். உடனே கூலன்ட் ஊற்றி மட்டத்தை உயர்த்த வேண்டும். தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும் எஞ்சின்களில் மேல் ஹோஸ் முன்னதாகவே சூடாகியிருக்கும். அங்கே கீழ் ஹோஸ் சூடாவதைத்தான் அடையாளமாகக் கொள்ள வேண்டும்.

இதன்பின் எஞ்சின் வேகத்தை 2000 முதல் 2500 ஆர்பிஎம் வரை உயர்த்தி அரை நிமிடம் வைத்திருந்து மெதுவாக விடுங்கள். வேகம் கூடும்போது புனலின் மட்டம் இறங்கும், விடும்போது ஏறும். ஏறும்போது குமிழிகளும் உடன் வரும். சில முறை இப்படிச் செய்து, ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடி நிற்பதை இரண்டு தடவையாவது பார்த்து, குமிழி முற்றிலும் நின்ற பிறகு மூடியைப் போடலாம். புனலில் கூலன்ட் கொதிக்கத் தொடங்கினாலோ, முள் சிவப்பை நோக்கி நகர்ந்தாலோ, எந்தக் கட்டத்தில் இருந்தாலும் எஞ்சினை நிறுத்தி ஆறவிடுங்கள். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த கூலன்ட்டைக் கொட்டினால் உலோகம் விரிசல் விடக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

காரின் முன்பக்கத்தை உயர்த்தி நிறுத்துவது உண்மையில் உதவுமா?

ஊற்றும் வாய் முன்பக்கம் இருக்கும் கார்களில் நன்றாகவே உதவும். ஹீட்டர் கோர் பல கார்களில் ரேடியேட்டர் வாய்க்குச் சமமாகவோ அதைவிட உயரமாகவோ இருக்கிறது. முன்பக்கத்தை உயர்த்தும்போது வாய் மேலே போய், காற்று தானாக அதை நோக்கி நகர்கிறது. எக்ஸ்பான்ஷன் டேங்க் பானெட்டுக்குள் பின்பக்கம், முன்கண்ணாடியை ஒட்டி இருக்கும் காரில் இதே செயல் எதிர்விளைவு தரக்கூடும். எனவே, ஊற்றும் வாய் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தை உயர்த்துவது என்று வைத்துக்கொள்வதே சரி. ஜாக்கில் மட்டும் நிறுத்தாமல் ஸ்டாண்டு வைத்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு அடை கொடுத்த பிறகே எஞ்சினை ஓட்டுங்கள்.

ஹீட்டரை ஏன் போட்டுவைக்கச் சொல்கிறார்கள்? புதிய கார்களிலும் இது தேவையா?

பழைய அமைப்புகளில் வெப்பக் குமிழைக் குளிர்ச்சியில் வைத்தால், ஹீட்டர் கோருக்குக் கூலன்ட் போகும் வால்வே மூடிக்கொள்ளும். அந்த நிலையில் வடித்து நிரப்பினால் கோருக்குள் சிக்கிய காற்று அப்படியே கிடக்கும். பின்னர் ஒரு குளிர்நாளில் ஹீட்டரைத் திறந்ததும் அந்தக் காற்று அமைப்புக்குள் வரும். இப்போதைய கார்கள் பலவற்றில் கூலன்ட் எப்போதும் கோர் வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். காற்றைத் திருப்பிவிடும் கதவு மட்டுமே திறந்து மூடும். அவற்றில் குமிழை எங்கே வைத்தாலும் ஒன்றுதான், ஆனால் உச்சத்தில் வைப்பதில் ஒரு நன்மை உண்டு: கேபினுக்குள் வரும் காற்றின் சூடே காற்று வெளியேறிவிட்டதற்கான சாட்சியாகிவிடும்.

வேக்யூம் முறை என்பது என்ன? அதற்குச் செலவு செய்வது தகுமா?

வடித்த அமைப்பின் வாயில் ஒரு கருவியைப் பொருத்தி, கம்ப்ரஸர் காற்றின் உதவியால் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்றுவார்கள். ஹோஸ்கள் எல்லாம் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். பார்க்கப் பயமாக இருந்தாலும் அது இயல்பே. வால்வை மூடிவிட்டுக் கருவியின் முள்ளைச் சில நிமிடங்கள் கவனிக்க வேண்டும். முள் நகராமல் நின்றால் அமைப்பில் கசிவில்லை. இறங்கினால், கூலன்ட் ஊற்றும் முன்பே கசிவு தெரிந்துவிட்டது. பின்பு உறிஞ்சுகுழாயைக் கூலன்ட் கேனில் மூழ்கவைத்து மறு வால்வைத் திறந்தால், காற்று இல்லாத இடம் முழுவதையும் கூலன்ட் தானே போய் நிரப்பும். உறிஞ்சுகுழாயில் ஏற்கெனவே இருக்கும் காற்றை முதலில் வெளியேற்றிவிட வேண்டும், குழாயின் முனை கேனின் மட்டத்துக்கு மேலே வரவும் கூடாது.

குழாய்கள் சிக்கலாக ஓடும் கார்களுக்கு இதைவிட நல்ல முறை கிடையாது. சாதாரண முன் எஞ்சின் காரில், நிதானமாக ஊற்றத் தெரிந்தவருக்கு இது அவசியமும் இல்லை.

நடு எஞ்சின், பின் எஞ்சின் கார்களில் ஏன் இத்தனை சிக்கல்?

டொயோட்டா எம்.ஆர்.2 போன்ற கார்களில் ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால். இரண்டையும் இணைக்கும் குழாய்கள் காரின் அடிப்பகுதியில் நீளமாக ஓடுகின்றன. ரேடியேட்டரும் ஹீட்டரும் முன்பக்கம் தனித்த மேடுகளாக நிற்கின்றன. எஞ்சின் அருகே ஊற்றும் கூலன்ட் முன்பக்கத்துக் காற்றை வெளியேற்றாது என்பதால், ரேடியேட்டரிலும் ஹீட்டர் குழாயிலும் தனித்தனியாகப் பிளீட் வழிகளை வைத்திருக்கிறார்கள். அவற்றில் நீளமான தெளிந்த பிளாஸ்டிக் குழாயைச் செருகி உயரத் தூக்கிக் கட்டிவைத்து, குழாயில் தெரியும் கூலன்ட் மட்டம் ஊற்றும் வாயின் மட்டத்துக்குச் சமமாகும்வரை நிரப்ப வேண்டும்.

மின்சார வாட்டர் பம்ப் உள்ள காரிலும் இதே முறைதானா?

இல்லை. பம்பை எஞ்சின் சுற்றுவதில்லை என்பதால், கணினியின் உத்தரவுப்படி பம்பை ஓட்டியே காற்று எடுக்க வேண்டும். மின்சார பம்ப் கொண்ட பல பிஎம்டபிள்யூ கார்களில், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, ஹீட்டரை உச்ச வெப்பத்திலும் ஃபேனைக் குறைந்த வேகத்திலும் வைத்து, ஆக்சிலரேட்டரை அடிவரை சுமார் பத்து விநாடிகள் அழுத்திப் பிடித்தால் பம்ப் ஏறத்தாழ 12 நிமிடங்கள் தானாக ஓடிக் காற்றை வெளியேற்றும். பேட்டரி இறங்கிவிடாமல் சார்ஜரை இணைத்துக்கொள்வது அவசியம்.

ஹைப்ரிட் கார்களில் எஞ்சினுக்கு ஒன்று, இன்வெர்ட்டருக்கு ஒன்று எனத் தனித்தனிச் சுற்றுகள் இருக்கும். மின்கார்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் சுற்றும் உண்டு. இவற்றில் வால்வுகளையும் பம்புகளையும் ஸ்கேன் கருவி மூலம் இயக்கினால்தான் எல்லாக் கிளைகளிலும் ஓட்டம் நடக்கும். கருவி இல்லாமல் இவற்றைத் திறக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

காற்று போகவே மறுத்தால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடலாமா?

கூடாது. காற்று எளிதாக வெளியேறும் என்பது மெய்தான், ஆனால் எஞ்சின் தன் இயங்கு வெப்பத்தை அடையாமல் எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். சில எஞ்சின்களில், ரேடியேட்டரைத் தவிர்த்துச் செல்லும் பைபாஸ் வழியை அடைப்பதும் தெர்மோஸ்டாட்தான். அது இல்லையென்றால் கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலேயே சுற்றி வந்து, எஞ்சின் முன்பைவிட அதிகமாகச் சூடாகும்.

அழுத்த மூடிக்கும் ஏர் லாக்குக்கும் என்ன சம்பந்தம்?

மூடி அழுத்தத்தைத் தாங்கினால்தான் கொதிநிலை உயரும். பாதிக்குப் பாதி கலந்த எதிலீன் கிளைக்கால் கூலன்ட் திறந்த வெளியில் ஏறத்தாழ 107 டிகிரியில் கொதிக்கும். மூடி தாங்கும் ஒரு பார் கூடுதல் அழுத்தத்தில் அது 130 டிகிரியை நெருங்கும். தளர்ந்த மூடி இந்த இடைவெளியைப் பறித்துவிடுவதால், சூடான இடங்களில் ஆவி உண்டாகிக் காற்றடைப்பாக மாறுகிறது. வேக்யூம் வால்வு ஒட்டிக்கொண்டாலோ வேறொரு கோளாறு: எஞ்சின் ஆறும்போது ரிசர்வ் டப்பாவிலிருந்து கூலன்ட் திரும்பாது, ஹோஸ் உட்பக்கமாக ஒட்டிக்கொள்ளும், ஏதாவதொரு தளர்ந்த இணைப்பின் வழியே காற்று உள்ளே இழுக்கப்படும். காலையில் பானெட்டைத் திறந்து, மேல் ஹோஸ் நசுங்கிக் கிடப்பதைப் பார்த்தால் முதலில் மூடியை மாற்றுங்கள்.

எத்தனை முறை ஏர் எடுத்தாலும் மீண்டும் மீண்டும் காற்று வருகிறது. ஏன்?

முறையாக ஒருமுறை எடுத்த காற்று, வெளியிலிருந்து வழி கிடைக்காமல் திரும்பி வராது. திரும்பி வருகிறதென்றால் எடுக்கும் முறையில் குறை தேடுவதை நிறுத்திவிட்டு, அது நுழையும் வழியைத் தேட வேண்டும். பம்பின் உறிஞ்சு பக்கத்திலுள்ள கீழ் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். கூலன்ட் சொட்டாத அளவுச் சிறு இடைவெளிகூடக் காற்றை உள்ளே இழுக்கும். வாட்டர் பம்பின் அடியிலுள்ள கசிவுத் துளையில் உலர்ந்த கூலன்ட் படிந்திருந்தால் சீல் போய்விட்டது. மூடியைப் பற்றி மேலே சொன்னோம்.

இவை எதுவும் இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். எரிப்பு வாயு சிலிண்டரிலிருந்து கூலன்ட்டுக்குள் கசியும்போது, புனலில் குமிழிகள் ஓயாமல், எஞ்சின் வேகத்தோடு ஒத்து, சிறிதாகவும் சீராகவும் வரும்; சாதாரண ஏர் லாக்கின் குமிழிகள் பெரிதாகவும் ஒழுங்கின்றியும் வந்து குறைந்துபோகும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடங்களிலேயே மேல் ஹோஸ் கல்போல் இறுகுவதும் இதையே காட்டும். உறுதிசெய்ய, ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் வாயுவை நீலநிறச் சோதனைத் திரவத்தின் வழியே இழுக்கும் கருவி உண்டு. கார்பன் டை ஆக்சைடு இருந்தால் பெட்ரோல் எஞ்சினில் திரவம் மஞ்சளாக மாறும். மாறிவிட்டால் அடுத்து ஹெட்டைக் கழற்றும் வேலைதான்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போது முள் ஏறினால் என்ன செய்வது?

ஏசியை நிறுத்தி ஹீட்டரை உச்சத்தில் வைத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே கூலன்ட் ஓடவில்லை என்று பொருள். அந்த நிலையில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. மூடியைச் சூட்டோடு திறந்தால் அழுத்தம் விலகிய கணத்தில் கூலன்ட் கொதித்து முகத்தில் பீறிடும். மேல் ஹோஸை அழுத்தினால் நெகிழும் அளவுக்கு ஆறிய பிறகு, தடித்த துணியால் மூடியைப் பற்றி முதல் நிறுத்தம்வரை மட்டும் திருகி, சீறல் அடங்கியபின் முழுவதும் திறக்கலாம்.

வேலை முடிந்த பிறகு எப்போது நிம்மதியாக இருக்கலாம்?

முதல் ஓட்டத்தை வீட்டைச் சுற்றியே வைத்துக்கொள்ளுங்கள். மேட்டுப் பாதை ஒன்று அதில் இருந்தால் நல்லது, ஏனெனில் சரிவில் நிற்கும்போது எஞ்சியிருக்கும் குமிழிகள் இடம் மாறும். இரவு முழுவதும் ஆறவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யும்முன் மட்டத்தைப் பாருங்கள். கால் லிட்டர் அளவுக்குக் குறைந்திருப்பது சகஜம். கூலன்ட்டைக் கனிமம் நீக்கிய நீரோடு முன்பு ஊற்றிய அதே விகிதத்தில் கலந்து சேர்த்துவிடுங்கள். இதை மூன்று நான்கு காலைகள் தொடருங்கள். ஒவ்வொரு நாளும் தேவைப்படும் அளவு குறைந்துகொண்டே வந்து நின்றுவிட்டால், கடைசிக் காற்றும் வெளியேறிவிட்டது. ஒவ்வொரு காலையும் அதே அளவு குறைந்தால் அது கசிவு. எஞ்சினின் அடியில் அட்டை ஒன்றை விரித்துவைத்து எந்த இடத்தில் சொட்டுகிறது என்று பாருங்கள், அட்டை உலர்ந்தே இருந்தால் ஹெட் கேஸ்கெட் சோதனைக்குச் செல்லுங்கள்.